கொரோனா ஊரடங்கில் கேரளக் கிராமப் பஞ்சாயத்துகளால் எப்படி வேகமாக இயங்க முடிந்தது?

அதற்கான அடித்தளம் 2020இல் போடப்பட்டதல்ல. 1996இல் தொடங்கிய, ஊர்த் திட்டங்களை ஊர்மக்களே தீட்டும் 'மக்கள் திட்டம்' வழியாகப் பஞ்சாயத்துகளுக்குப் பணமும் அதிகாரமும் முன்பே போய்ச் சேர்ந்திருந்தன. உள்ளூர் ஆரம்ப சுகாதார நிலையமும் அவற்றின் பொறுப்பில்தான் இருந்தது.

வேலை நடந்தது வார்டு அளவில். வார்டு உறுப்பினர், ஆஷா பணியாளர் எனப்படும் ஊர்ச் சுகாதாரப் பணிப்பெண், குடும்பஸ்ரீ என்ற மகளிர் சுயஉதவி அமைப்பின் பெண்கள், அப்புறம் ஊர் இளைஞர்கள். வளைகுடாவிலிருந்து வந்து தனிமையில் இருப்பவர் யார், எந்த வீட்டுப் பாட்டிக்குச் சர்க்கரை மாத்திரை தீரப்போகிறது என்பதெல்லாம் இவர்களுக்குத்தான் தெரியும். தன்னார்வலர்களைப் பதிவுசெய்ய 'சன்னத்த சேனை' என்ற இணையதளமும் வந்தது.

ஆனால் எல்லாவற்றிலும் முக்கியமாக நான் சொல்வது சமூகச் சமையலறைகளைத்தான். மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்த கையோடு அடுப்பு மூட்டினார்கள். ஆதரவற்றவர்களுக்கு இலவசம், மற்றவர்களுக்குச் சாப்பாடு 20 ரூபாய், வீட்டுக்கே கொண்டு வந்து கொடுத்தால் 25. இந்தச் சின்ன விலை பெரிய விஷயம். திடீரென வருமானம் நின்றவர் கூச்சப்படாமல் பொட்டலத்தை வாங்க முடிந்தது.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். வீடு வீடாக ஏறி இறங்கிய ஆஷா பணியாளர்களுக்குக் கிடைத்தது சம்பளம் அல்ல, மதிப்பூதியமும் ஊக்கத்தொகையும்தான். அவர்களின் உழைப்பைத் தன்னார்வக் கணக்கில் எழுதியது நியாயமே இல்லை.