புகாரே வராத அலுவலகம்

கேள்வி: ஒரு நிறுவனத்தில் ஹெச்.ஆர். ஆகச் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. நான் உள்ளே நுழைந்தாலே பேச்சு நின்றுவிடுகிறது. ஒரே டீமிலிருந்து வரிசையாக ஆட்கள் விலகுகிறார்கள், ராஜினாமா கடிதத்தில் எல்லோரும் 'சொந்தக் காரணம்' என்றே எழுதுகிறார்கள். அந்த டீம் மேனேஜர்தான் அதிக பிசினஸ் பிடிப்பவர். எழுத்தில் ஒரு புகார்கூட இல்லாமல் எங்கிருந்து தொடங்குவது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: புகார் கொடுத்தால் என்ன ஆகும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, அதனால்தான் வரவில்லை. வேலைக்குப் போன காலத்தில் நானும் ஹெச்.ஆருக்கு ஒரு மெயில் எழுதினேன். இரண்டே நாளில் மேனேஜர் அதைப் பிரிண்ட் எடுத்து என் மேஜையில் வைத்து, "இது நீங்க எழுதினதா?" என்று கேட்டார். அப்புறம் நான் ஹெச்.ஆர். அறைப் பக்கமே போகவில்லை. உங்கள் அலுவலகத்திலும் யாருக்கோ இப்படி நடந்திருக்கும்.

அதனால் விளையாட்டுப் போட்டி, 'மனம் திறந்து பேசுவோம்' கூட்டமெல்லாம் இப்போது வேண்டாம். விலகிப் போனவர்களுக்கு நீங்களே போன் செய்யுங்கள். கடைசி நாளில், செட்டில்மெண்ட் பணம் கைக்கு வராத நிலையில், யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள், சில மாதம் கழித்துக் கேட்டால் சொல்வார்கள். பெயர்களை எடுத்துவிட்டு, எத்தனை பேர் போனார்கள், புது ஆள் எடுத்துப் பழக்க எவ்வளவு ஆனது, பாதியில் நின்ற வேலை எது என்று ஒரே தாளில் எழுதி நிர்வாகத்திடம் வையுங்கள். அந்த மேனேஜர் பிடிக்கும் பிசினஸுக்கு எதிரே வைக்க அந்தத் தாள்தான் இருக்கிறது. ஊழியர்கள் விலகப்போவதைச் சம்பளத்தைவிடப் பத்து மடங்கு வலுவாக முன்கூட்டியே காட்டுவது அலுவலகத்தின் நச்சுச் சூழல்தான் என்று எம்.ஐ.டி. ஸ்லோன் மேனேஜ்மெண்ட் ரிவ்யூ என்ற நிர்வாகவியல் இதழில் 2022-இல் வந்த ஆய்வையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்த மேனேஜர் விஷயத்தில் நிர்வாகம் முடிவெடுக்காதவரை எதுவும் மாறாது, இது ஹெச்.ஆர். தனியாகச் செய்யக்கூடிய காரியமே இல்லை. முடிவெடுத்துவிட்டால் புகார்கள் திடீரென்று கூடும். அப்போது பதறாதீர்கள். மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்த ஹார்வர்டு பேராசிரியை ஏமி எட்மண்ட்சன், நன்றாக நடத்தப்படும் குழுக்களில்தான் அதிகத் தவறுகள் பதிவாகின்றன என்று 1996-இல் எழுதினார். அங்கே பயமில்லாமல் சொன்னார்கள், அவ்வளவுதான்.

முதல் புகார் வந்ததும், அது யார் யாருக்குத் தெரியவரும், எந்தத் தேதிக்குள் பதில் கிடைக்கும் என்று கொடுத்தவரிடம் அன்றே சொல்லிவிடுங்கள். அந்தத் தேதியில் பதில் தயாராகாவிட்டாலும் நேரில் போய் அதையே சொல்லுங்கள்.