எட்டுச் செங்கல்லும் ஏற்காடு மலையும்

கேள்வி: என் மகன் காலாட்படையில் சிப்பாய். பாரா கமாண்டோ என்ற சிறப்புப் படைத் தேர்வுக்குப் பெயர் கொடுத்திருக்கிறான். விடுமுறைக்கு வந்தவன், முதுகுப்பையில் எட்டுச் செங்கல்லைப் போட்டுக்கொண்டு தினமும் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்குத் தனியாக ஏறுகிறான். தண்ணீர் எடுத்துப்போவதில்லை. கேட்டால் தாகத்தைப் பழக்குகிறானாம். பயமாக இருக்கிறது, ஐயா. – ஒரு தாய், சேலம்

சுபேதார் பதில்: முதலில் அந்தச் செங்கல்லை வெளியே எடுக்கச் சொல்லுங்கள், அம்மா. நானும் அந்த வயதில் அதே முட்டாள்தனத்தைச் செய்தவன்தான். பத்தே நாளில் முதுகுத்தண்டு ஓரம் தோல் உரிந்து சட்டை ஒட்டிக்கொண்டது. மணலைச் சிறு பைகளில் கட்டி, முதுகை ஒட்டி மேலாக வைத்து, பழைய போர்வையைத் திணித்து இறுக்கினால் பிட்டு ஆடாது. (பட்டாளத்தில் முதுகுப்பைக்கு அதுதான் பெயர், தின்கிற பிட்டு இல்லை.) எட்டுச் செங்கல் 20 கிலோவைத் தாண்டும். 10 கிலோவில் தொடங்கட்டும். எடையைக் கூட்டுகிற வாரத்தில் தூரத்தைக் கூட்டக்கூடாது. சுமையேற்றம் வாரத்துக்கு இரண்டு நாள் போதும். இறக்கத்தில் ஓடவே கூடாது. முழங்கால் போவது அங்கேதான்.

வெயிலுக்கு உடம்பு பழகும், இரண்டு வாரம் பிடிக்கும். தாகத்துக்கு ஒருநாளும் பழகாது.

மலை குளிர்ச்சிதானே என்பான். 2013 ஜூலையில் பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில், பிரெக்கன் பீக்கன்ஸ் மலையில் சிறப்புப் படைத் தேர்வு நடை. தூரம் 26 கிலோமீட்டர், முதுகில் 22 கிலோவுக்கு மேல். அன்றைய வெயில் 27 டிகிரிதான். சேலத்தில் அது மார்கழிப் பகல். மூன்று பேர் இறந்தார்கள். இருவர் அன்றே, மூன்றாமவர் இரண்டு வாரத்துக்குப் பிறகு மருத்துவமனையில். சுமையோடு ஏறுகிறவனுக்கு அவன் தசையே அடுப்பு. இருக்குமிடம் காட்டும் கருவி எல்லோரிடமும் இருந்தது. திரையில் புள்ளி நகராமல் நின்றதை உரிய நேரத்தில் பார்க்க ஆளில்லை. அலட்சியமும் காரணம் என்று 2015இல் மரண விசாரணையில் தீர்ப்பானது.

அதனால்தான் செங்கல்லைவிட, தம்பி தனியாகப் போவது எனக்குப் பெரிய கவலை. உடற்சூடு எல்லை மீறினால் முதலில் தடுமாறுவது புத்தி. தனக்கு ஒன்றுமில்லை என்று அவனே சத்தியம் செய்வான். கால் பின்னுவதையும், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்வதையும் கூட வருகிறவன்தான் கவனிக்க முடியும். வியர்க்கிறதே என்று நம்பிவிடக்கூடாது. பையைக் கழற்றி, நிழலில் கிடத்தி, உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். 108 வண்டி வந்து சேரும்வரை ஊற்றுவதை நிறுத்தக்கூடாது.

விடியுமுன் கிளம்பட்டும். காட்டுப்பாதை வேண்டாம், தார்ச்சாலையே போதும். கூட நடக்க நண்பர்கள் யாரும் சம்மதிக்கவில்லையென்றால், ஒருவன் பைக்கில் முன்னால் போய், 20 கொண்டை ஊசி வளைவில் ஐந்துக்கு ஒன்றில் தண்ணீர்க் குடத்தோடு நிற்கட்டும்.