வெளிநாட்டுப் படை வந்தால் ஊழல் ஒழியுமா? கேள்விகளும் பதில்களும்

அரசுக் கணக்குத் தணிக்கையில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவன் நான். போர் நடந்த நாடுகளில் பொதுப்பணம் எங்கே போனது என்று சொல்லும் தணிக்கை அறிக்கைகளை இன்றும் தேடித் தேடிப் படிக்கிறேன். வெளிநாட்டு ராணுவம் ஒரு ஊழல் அரசை அகற்றினால் அங்கே ஜனநாயகம் வருமா என்று பலரும் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

கவிதா: ஐயா, என் தம்பிக்கும் எனக்கும் தினமும் இதே வாக்குவாதம். "உள்ளே இருப்பவர்களால் முடியாது, வெளியிலிருந்து ஒரு படை வந்து தூக்கினால்தான் விடிவு" என்கிறான். ஒரே வரியில் சொல்லுங்கள், நடக்குமா?

பெரும்பாலும் நடக்காது அம்மா. படையால் ஒரு ஆளை நாற்காலியிலிருந்து இறக்க முடியும். சில நாட்களிலேயே முடியும். ஆனால் ஊழல் என்பது அந்த ஒரு ஆள் மட்டும் இல்லை. அரசிடம் கணக்குக் கேட்க யாருக்கு உரிமை இருக்கிறது, கேட்டால் பதில் வருமா என்பதுதான் அடிப்படை. வெளிநாட்டுப் படை உட்கார்ந்திருக்கும் நாட்டில் புதிய அரசு தன் மக்களுக்குப் பதில் சொல்வதைவிட, தன்னைத் தாங்கிப் பிடிக்கும் வெளிநாட்டுக்குத்தான் பதில் சொல்லும். மக்கள் அங்கேயும் வேடிக்கை பார்ப்பவர்களாகவே இருந்துவிடுகிறார்கள்.

ராஜேஷ்: அப்படியானால் ஜப்பானும் ஜெர்மனியும்? இரண்டிலும் அமெரிக்கப் படை இருந்துதானே ஜனநாயகம் வந்தது?

இந்த உதாரணத்தை 2003ல் ஈராக் போருக்கு ஆதரவாகப் பேசியவர்களும் சொன்னார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

ஜப்பானில் நாடாளுமன்றம் 1890லிருந்தே இருந்தது. எல்லா ஆண்களுக்கும் வாக்குரிமை தரும் சட்டம் 1925ல் வந்துவிட்டது. ஜெர்மனியில் 1919லிருந்து வைமார் குடியரசு என்ற தேர்தல் வழி ஆட்சி. கட்சிகள், தொழிற்சங்கங்கள், தேர்தல் எல்லாவற்றையும் ஹிட்லருக்கு முன்பே பார்த்துப் பழகிய மக்கள். 1949ல் வந்த அடிப்படைச் சட்டத்தை, அதாவது மேற்கு ஜெர்மனியின் அரசியலமைப்பை, எழுதிய அவைக்குத் தலைமை வகித்த கோன்ராட் அடெனாவர், நாஜிகளுக்கு முன்பு கோலோன் நகர மேயராக இருந்தவர். அங்கே ஜனநாயகம் வெளியிலிருந்து இறக்குமதி ஆகவில்லை. நசுக்கப்பட்டுக் கிடந்தது மறுபடி எழுந்தது.

இன்னொன்று, ஆக்கிரமிப்பாளர்கள் ஜப்பானின் அரசு இயந்திரத்தைக் கலைக்கவில்லை. ராணுவத்தைக் கலைத்தார்கள், ஆனால் அமைச்சகங்களும் அலுவலர்களும் பெரும்பாலும் அப்படியே தொடர்ந்தார்கள். புதிய அரசியலமைப்பின் வரைவு அமெரிக்கர்கள் எழுதியதுதான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 1947ல் அது நடைமுறைக்கு வந்தபோது அதை எடுத்து நடத்த ஆட்கள் உள்ளே இருந்தார்கள்.

அப்புறம், ஊழல் ஒழிந்ததா என்பது தனிக் கேள்வி. முன்னாள் பிரதமர் தனகா ககுயே லாக்ஹீட் விமான நிறுவனத்திடம் லஞ்சம் வாங்கிய வழக்கில் 1976ல் கைதானார். ஆக்கிரமிப்பு முடிந்து 24 வருடம் ஆகியிருந்தது. அவரைக் கைது செய்தவர்கள் டோக்கியோவின் அரசு வழக்கறிஞர்கள். லஞ்சம் நின்றுவிடவில்லை, ஆனால் பிரதமராக இருந்தவரையே பிடிக்கும் அளவுக்கு உள்ளூர் சட்டத்துக்குப் பலம் இருந்தது. நான் பெரிதாக நினைப்பது இதைத்தான்.

நசீர்: ஈராக்கில் சதாம் போன பிறகு தேர்தல் நடந்தது, அரசியலமைப்பு வந்தது. பிறகும் ஏன் இவ்வளவு ஊழல்?

தொடக்கத்திலேயே இரண்டு உத்தரவுகள் எல்லாவற்றையும் சாய்த்துவிட்டன. 2003 மே மாதம் பால் பிரெமர் தலைமையிலான ஆக்கிரமிப்பு நிர்வாகம் முதல் உத்தரவில் சதாமின் பாத் கட்சியின் மேல்மட்டத்தினரை அரசு வேலைகளிலிருந்து நீக்கியது. இரண்டாவது உத்தரவில் ராணுவத்தையே கலைத்தது. பாத் உறுப்பினர் அட்டை இல்லாமல் பல வேலைகளில் முன்னேற முடியாத நாடு அது. ஆகவே கோப்பு எங்கே இருக்கிறது, கையெழுத்து யாருடையது என்று தெரிந்தவர்களும் சேர்ந்தே வெளியே போனார்கள்.

அந்த ஓட்டை நிர்வாகத்துக்குள் பணம் கொட்டியது. 2003 மே முதல் 2004 ஜூன் வரை சுமார் 1,200 கோடி டாலர், ரொக்கமாக, கட்டுக்கட்டாக அடுக்கி, ராணுவ விமானங்களில் பாக்தாத்துக்குப் போனது. அதில் பெரும்பகுதி ஈராக்கின் சொந்தப் பணம்தான்: எண்ணெய் விற்ற பணம், முடக்கி வைத்திருந்த சொத்து. ஈராக் மறுசீரமைப்புக்கான அமெரிக்கத் தணிக்கையாளர் 2005 தொடக்கத்தில் ஒரு அறிக்கை வெளியிட்டார். ஈராக் அமைச்சகங்களுக்குக் கொடுத்த 880 கோடி டாலருக்குச் சரியான கட்டுப்பாடு இருந்ததாகவே காட்ட முடியவில்லை என்றார். ஒரு அமைச்சகத்தின் சம்பளப் பட்டியலில் 8,206 காவலர்கள். உறுதிப்படுத்த முடிந்தது 602 பேரை. இதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. போலிச் சம்பளப் பட்டியல்களை நானும் பார்த்திருக்கிறேன், இந்த அளவில் பார்த்ததில்லை.

தேர்தல் பற்றிக் கேட்டீர்கள். நடந்தது உண்மை. ஆனால் ஷியா, சுன்னி, குர்து என்று பதவிகளைப் பங்கு போடும் வழக்கம் 2003லேயே உருவாகிவிட்டது. அதற்கு அங்கே 'முஹாசசா' என்று பெயர். எந்தக் கட்சிக்கு எந்த அமைச்சகம் என்று பிரித்துக்கொண்டால், அமைச்சகம் கட்சியின் சொத்தாகிவிடும். எல்லோரும் ஆளுங்கட்சி. கணக்குக் கேட்க எதிர்க்கட்சியே இல்லை.

மேகலா: ஆப்கானிஸ்தானில் 20 வருடம் இருந்தார்கள் சார். நேரம் போதவில்லை என்று சொல்ல முடியாது. அங்கே என்ன தவறு?

நேரமும் இருந்தது, பணமும் இருந்தது. மறுசீரமைப்புக்கு மட்டும் அமெரிக்க காங்கிரஸ் ஏறத்தாழ 14,500 கோடி டாலர் ஒதுக்கியது. பணம் அதிகமானதே நோயின் ஒரு பாதி. நிர்வாகம் செரிக்கக்கூடிய அளவுக்கு மேல் பணம் வந்தால் அது வழியத்தான் செய்யும். செலவழித்துக் காட்டுகிற அதிகாரிக்குத்தான் நல்ல பெயர், ஒரு வருடத்தில் அவர் ஊருக்குத் திரும்பிவிடுவார், அடுத்தவர் முதலிலிருந்து தொடங்குவார். இப்படிப்பட்ட அமைப்பில் நேர்மையான ஆளும் திணறிப்போவார்.

மற்றொரு பாதி, யாரோடு கைகோத்தார்கள் என்பது. தாலிபானை விரட்டத் தரைப்படையாக உதவியவர்கள் பழைய போர்த் தளபதிகள். தொண்ணூறுகளில் மக்களைச் சூறையாடியவர்களில் பலர் ஆளுநர்களாக, அமைச்சர்களாக, காவல்துறைத் தலைவர்களாகத் திரும்பி வந்தார்கள். ராணுவத்துக்கு அவர்கள் தேவைப்பட்டார்கள். ஆகவே அவர்கள்மேல் யாரும் கைவைக்கவில்லை. ராணுவத்துக்குச் சரக்கு ஏற்றிய லாரிகள் பத்திரமாகப் போக வழியில் பாதுகாப்புப் பணம் கொடுக்க வேண்டியிருந்தது, அதில் ஒரு பங்கு தாலிபானுக்கே போயிருக்கலாம் என்று அமெரிக்க நாடாளுமன்றத் துணைக்குழு ஒன்று 2010ல் அறிக்கை தந்தது.

அதே 2010ல் நடந்த ஒரு சம்பவம் போதும். அமெரிக்கா பயிற்சி கொடுத்து உருவாக்கிய ஊழல் தடுப்புப் பிரிவு, லஞ்சப் புகாரில் அதிபர் கர்சாயின் உதவியாளர் ஒருவரைக் கைது செய்தது. சில மணி நேரத்தில் அதிபர் தலையிட்டு அவரை விடுவித்தார். பிறகு பத்திரிகைகள் எழுதின: அந்த உதவியாளர் அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏவிடம் பணம் வாங்குபவர். அதிபர் அலுவலகத்துக்கே சிஐஏ ரொக்கம் கொடுத்ததை 2013ல் கர்சாயும் ஒப்புக்கொண்டார். ஒரு கை ஊழலைப் பிடிக்க ஆள் தயார் செய்கிறது, இன்னொரு கை பணம் கொடுக்கிறது. இந்த நிலையில் அந்தப் பிரிவில் இருந்த இளம் ஆப்கன் அதிகாரிகள் என்ன நினைத்திருப்பார்கள்? அவர்களை நினைத்தால் மனம் கனக்கிறது.

காபூல் வங்கி விழுந்ததும் அந்த ஆண்டுதான். சுமார் 90 கோடி டாலர் போனது. பங்குதாரர்களில் அதிபரின் சகோதரரும் துணை அதிபரின் சகோதரரும் இருந்தார்கள். 2012ல் டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனல் என்ற ஊழல் கண்காணிப்பு அமைப்பு வெளியிட்ட பட்டியலில் ஆப்கானிஸ்தானுக்கு வட கொரியா, சோமாலியாவோடு சேர்ந்து கடைசி இடம். அரசுச் செலவில் சுமார் முக்கால் பங்கு வெளிநாட்டுப் பணம் என்றால், வரி கட்டும் குடிமகனுக்கு அந்த அரசு ஏன் பயப்பட வேண்டும்?

பெண் குழந்தைகள் பள்ளிக்குப் போனார்கள், சுதந்திரமான பத்திரிகைகள் வந்தன. அது உண்மை, அது சின்ன விஷயம் இல்லை. 2021 ஆகஸ்ட் 15 அன்று காபூல் விழுந்தபோது அதிகம் இழந்தவர்களும் அவர்கள்தான்.

தினேஷ்: லிபியா?

2011ல் ஐ.நா. பாதுகாப்பு சபையின் 1973ஆம் தீர்மானம் அனுமதித்தது பொதுமக்களைக் காப்பாற்ற. நேட்டோ விமானத் தாக்குதல் கடாஃபியின் வீழ்ச்சியில் முடிந்தது. 2012ல் தேர்தலும் நடந்தது, மக்கள் ஆர்வமாக வாக்களித்தார்கள். ஆனால் ஆயுதக் குழுக்களின் கையில் ஆயுதம் அப்படியே இருந்தது. 2014ல் நாடு இரண்டு அரசுகளாகப் பிரிந்தது. 2021 டிசம்பரில் நடக்கவிருந்த தேர்தலும் தள்ளிப்போனது.

ஜோசப்: சரி, ஒரு இடத்தில்கூட வெற்றி இல்லையா? ஒரு பக்கமாகவே பேசுகிறீர்களோ என்று தோன்றுகிறது.

இருக்கிறது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

காம்பியாவைப் பாருங்கள். 22 வருடம் ஆண்ட யாஹ்யா ஜமே 2016 டிசம்பர் தேர்தலில் அடாமா பாரோவிடம் தோற்றார். முதலில் தோல்வியை ஒப்புக்கொண்டார், ஒரு வாரத்தில் மாற்றிப் பேசினார். மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பு பேசிப் பார்த்தது, பிறகு 2017 ஜனவரியில் படையை எல்லை தாண்டி அனுப்பியது. இரண்டு நாளில் ஜமே நாட்டை விட்டுப் போனார். பெரிய சண்டையே நடக்கவில்லை. ஆனால் அந்தப் படை புதிதாக எதையும் முடிவு செய்யவில்லை. மக்கள் ஏற்கெனவே வாக்குப் போட்டு முடிவு செய்ததைக் காப்பாற்றியது, அவ்வளவுதான். வந்தவர்களும் பக்கத்து நாட்டுக்காரர்கள்.

1989ல் பனாமாவிலும் இதன் சாயல் உண்டு. ராணுவ ஆட்சியாளர் நோரியேகா ரத்து செய்த தேர்தலில் முன்னணியில் இருந்த கியேர்மோ என்தாராதான் பிறகு அதிபரானார். ஆனால் அமெரிக்கத் தாக்குதலில் பொதுமக்கள் நூற்றுக்கணக்கில் செத்தார்கள். அதன்பின் அங்கே தேர்தல்கள் ஒழுங்காக நடக்கின்றன, ஊழல் மட்டும் போகவில்லை. முன்னாள் அதிபர் ரிக்கார்டோ மார்தினெல்லி பணமோசடி வழக்கில் 2023ல் தண்டனை பெற்றார்.

சியரா லியோனுக்கு 2000ல் பிரிட்டிஷ் படை வந்தது தேர்ந்தெடுக்கப்பட்ட அரசுக்குத் துணையாக. 2007ல் எதிர்க்கட்சி தேர்தலில் வென்று அமைதியாக ஆட்சிக்கு வந்தது. எபோலா நிதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்குச் சரியான கணக்கு இல்லை என்று 2015ல் எழுதியது அந்த நாட்டின் சொந்தத் தணிக்கை அலுவலகம். ஒரு தணிக்கைக்காரனாக எனக்கு அந்த அறிக்கையில் நம்பிக்கை தெரிகிறது.

இளங்கோ: பாதுகாப்பான இடத்தில் உட்கார்ந்துகொண்டு பேசுவது எளிது. சிறையில் அடித்துக் கொல்கிறார்கள், ஊர் ஊராகச் சுடுகிறார்கள். அவர்களிடம் போய் "பொறு, உள்ளிருந்தே மாற்றம் வரும்" என்று சொல்வீர்களா?

சொல்ல மாட்டேன் தம்பி. உங்கள் கோபம் நியாயமானது. கொலையை நிறுத்துவதையும் ஆட்சிமுறையைக் கட்டுவதையும் நான் வேறு வேறாகப் பார்க்கிறேன். 1978 டிசம்பர் இறுதியில் வியட்நாம் படை நுழைந்திருக்காவிட்டால், ஆட்சியில் இருந்த கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் அமைப்பு கம்போடியாவில் இன்னும் எத்தனை பேரைக் கொன்றிருக்கும்! 1979ல் தான்சானியப் படை உகாண்டாவின் சர்வாதிகாரி இடி அமீனை விரட்டியது. இரண்டிலும் உயிர்கள் பிழைத்தன. ஆனால் கம்போடியாவில் ஜனநாயகம் வந்ததா? ஹுன் சென் 1985 முதல் 2023 வரை பிரதமர், அடுத்து அவர் மகன். உகாண்டாவில் 1986ல் ஆட்சிக்கு வந்த முசெவேனி பதவியை விட்டு நகரவே இல்லை.

இனப்படுகொலை, போர்க்குற்றம், இனச் சுத்திகரிப்பு, மனிதகுலத்துக்கு எதிரான குற்றம் ஆகிய நான்கிலிருந்து மக்களைக் காப்பது உலகின் பொறுப்பு என்று 2005ல் ஐ.நா. உச்சி மாநாட்டில் நாடுகள் ஏற்றன. அந்தப் பட்டியலில் ஊழல் இல்லை. இருக்கவும் கூடாது என்பேன். இருந்தால் எந்த நாட்டின்மேலும் யாரும் படையெடுக்கலாம்.

வித்யா: அப்படியானால் வெளியுலகம் செய்யக்கூடியது எதுவுமே இல்லையா?

நிறைய இருக்கிறது. திருடிய பணம் பெரும்பாலும் திருடிய நாட்டில் தங்குவதில்லை. வெளிநாட்டு வங்கியிலும் அடுக்குமாடிக் கட்டடங்களிலும் போய் உட்காருகிறது. அந்தக் கதவை மூடுவது வெளிநாடுகளின் கையில். நைஜீரியாவின் ராணுவ ஆட்சியாளர் சானி அபாச்சா கொண்டுபோய் வைத்த பணத்தில் சுமார் 70 கோடி டாலரை ஸ்விட்சர்லாந்து திருப்பிக் கொடுத்தது. அதற்கு ஒரு சிப்பாய்கூடத் தேவைப்படவில்லை.

குவாத்தமாலாவில் அரசும் ஐ.நா.வும் ஒப்பந்தம் போட்டு 2007ல் ஒரு விசாரணை ஆணையம் வேலையைத் தொடங்கியது. உள்ளூர் அரசு வழக்கறிஞர்களோடு சேர்ந்து உள்ளூர் நீதிமன்றத்தில் வழக்கு நடத்தியது. 2015ல் சுங்கத்துறை ஊழல் வெளிவந்து, மக்கள் வாரக்கணக்கில் தெருவில் நின்று, அதிபர் ஓட்டோ பெரேஸ் மொலினா பதவி விலகிச் சிறைக்குப் போனார். அடுத்த தேர்தலில் வென்று வந்த அதிபர் 2019ல் அந்த ஆணையத்தை வெளியேற்றினார். பல நீதிபதிகளும் வழக்கறிஞர்களும் நாட்டை விட்டே ஓட வேண்டியிருந்தது. ஆனாலும் 2023ல் ஊழல் எதிர்ப்பைப் பேசிய பெர்னார்டோ அரேவாலோ அதிபர் தேர்தலில் வென்றார். அந்த முடிவை மாற்ற முயற்சி நடந்தபோது பழங்குடி அமைப்புகள் சாலைகளை மறித்து உட்கார்ந்தன. 2024 ஜனவரியில் அவர் பதவியேற்றார்.

சல்மா: ஈராக் பற்றி ஒன்று விட்டுவிட்டீர்கள். இப்போதாவது அங்கே மாற்றம் தெரிகிறதா?

2022ல்கூட வரித்துறைக் கணக்கிலிருந்து 250 கோடி டாலர் காசோலைகளில் எடுக்கப்பட்டது வெளியே வந்தது. அதனால் நல்ல செய்தி என்று சட்டென்று சொல்ல முடியாது.

ஆனால் 2019 அக்டோபரை மறக்காதீர்கள். பாக்தாதிலும் தெற்கு நகரங்களிலும் இளைஞர்கள் தெருவுக்கு வந்தார்கள். பலருக்கு சதாம் ஆட்சி நினைவிலேயே இல்லை. "எங்களுக்கு ஒரு நாடு வேண்டும்" என்றார்கள். பங்கு போடும் முறை ஒழிய வேண்டும் என்றார்கள், அமெரிக்காவும் வேண்டாம் ஈரானும் வேண்டாம் என்றார்கள். நூற்றுக்கணக்கானோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பிரதமர் அப்துல் மஹ்தி பதவி விலகினார், தேர்தல் சட்டம் மாறியது, 2021ல் முன்கூட்டியே தேர்தல் நடந்தது. பங்கு முறை இன்னும் போகவில்லை. கொன்றவர்களில் பெரும்பாலோருக்குத் தண்டனையும் இல்லை. அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.