வளர்ப்புக் குடும்பமும் அக்கம்பக்கமும்

வணக்கம்.

எங்கள் தெருவில் ஒரு தம்பதி, குழந்தைகள் இல்லத்தில் இருந்த ஒன்பது வயதுச் சிறுவனை இரண்டு மாதமாகத் தங்கள் வீட்டில் வைத்து வளர்க்கிறார்கள். தத்து இல்லையாம், இப்படிப்பட்ட பிள்ளைகள் எங்கே வளர வேண்டும் என்று முடிவு செய்யும் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவில் வந்திருக்கிறானாம். பெற்ற அம்மா உயிரோடு இருக்கிறார், வீட்டு நிலைமை சரியில்லை என்று கேள்வி. பொங்கல் விழா மேடையில் தம்பதிக்குச் சால்வை போர்த்தி, பையனுக்குப் புத்தாடையும் சைக்கிளும் கொடுக்கலாம் என்று குடியிருப்போர் சங்கத்தில் பேசி வைத்திருந்தோம். போன வாரம் கடையில் அவன் பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துவிட்டான் என்று ஒரு பேச்சு கிளம்பியதும் பாதிப் பேர் பின்வாங்கிவிட்டார்கள். நாங்கள் என்னதான் செய்வது?

ச., ஈரோடு

அன்புள்ள ச.,

முதலில் மேடையை விடுங்கள். இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 74-இன்படி இப்படிப்பட்ட குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் என அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் விழாப் படம் போட்டால் அது மாலைக்குள் ஊர் சுற்றிவிடும். சட்டத்தை விடுங்கள், மறுநாள் பள்ளியில் அவன் 'இல்லத்துப் பையன்' ஆகிவிடுவான். சைக்கிள் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் பணத்தைத் தம்பதியிடம் சத்தமில்லாமல் கொடுத்துவிடுங்கள். எப்போது, எப்படி வாங்குவது என்பது அவர்கள் பாடு.

இனி பிஸ்கட். வேளாவேளைக்குச் சோறு கிடைக்காமல் வளர்ந்த பிள்ளை, கிடைக்கிற இடத்துக்கு வந்த பிறகும் தின்பண்டத்தைப் பதுக்கும். தலையணைக்கு அடியில் சப்பாத்தி, புத்தகப் பையில் காய்ந்த பன் என்று அகப்படும். நாளைக்கும் சாப்பாடு உண்டு என்பதை அதன் வயிறு இன்னும் நம்பவில்லை. பூட்டி வைத்தால் பதுக்கல் கூடும். அவன் கை எட்டும் உயரத்தில் மூடி போட்ட ஒரு டப்பாவில் கடலை மிட்டாய், பிஸ்கட், பக்கத்தில் இரண்டு வாழைப்பழம். கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம், யாரும் எண்ண மாட்டார்கள், குறைந்தால் நிரப்பப்படும். இது சில மாதங்கள் தொடர்ந்து நடந்தால் பெரும்பாலும் பதுக்கல் தானாகத் தணியும். கடைக்காரரிடம் தம்பதி ஒரு கணக்கு நோட்டு வைத்துக்கொள்ளட்டும். பையன் எதையாவது எடுத்தால் கடையில் வைத்துச் சத்தம் போடாமல் எழுதி வைத்து, மாலையில் பெரியவர்களிடம் சொன்னால் போதும். பெட்டிக்கடை மிட்டாயைக் கிளப்பாமல் வளர்ந்தவர்கள் உங்கள் சங்கத்தில் எத்தனை பேர் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்களேன்.

இரண்டு மாதம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கணக்கு முக்கியம். வந்த புதிதில் பல பிள்ளைகள் இருக்கும் இடம் தெரியாமல் இருக்கும், 'தங்கமான பிள்ளை' என்று எல்லோரும் சொல்வார்கள். கொஞ்சம் வேர் பிடித்ததும்தான் பொய், அடம், கத்தல், படுக்கையில் சிறுநீர் எல்லாம் தொடங்கும். இவர்களும் என்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்களா என்று பிள்ளை சோதித்துப் பார்க்கும் காலம் இது. வளர்ப்பவர்கள் சோர்ந்துபோய் 'எங்களால் முடியவில்லை' என்று சொல்லும் ஆபத்தும் இப்போதுதான் அதிகம். நீங்கள் பின்வாங்குவது சரியாக அந்த நேரத்தில்.

அவர்களிடம் இப்போது இல்லாத பொருள் நேரம். பள்ளியிலிருந்து அழைப்பு, நலக் குழு முன் ஆஜராவது, ஆலோசகரிடம் போவது, மாதம் ஒருமுறை வீட்டுக்கு வரும் ஆய்வு, இதற்கு நடுவே தினமும் துவைக்க ஒரு போர்வை. பத்து வீடு உதவ வேண்டாம், இரண்டு வீடு போதும். ஒரு வீடு சனிக்கிழமை நான்கு மணி முதல் ஆறு மணி வரை பையனைப் பார்த்துக்கொள்ளட்டும். ஆள் மாறக் கூடாது, இடம் மாறக் கூடாது, ஆறு மாதத்துக்காவது நிறுத்தக் கூடாது. பாதியில் கைவிடுவதைவிடத் தொடங்காமலே இருக்கலாம். கூடத்தில், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு. இரவு தங்க வைப்பது, வெளியூர் கூட்டிப்போவது என்றால், இந்தப் பிள்ளைகளின் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அலுவலகமான மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிடம் தம்பதி முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். இன்னொரு வீடு, நலக் குழுவுக்குப் போய் வரும் நாளில் சோறும் குழம்பும் கேரியரில் கொடுத்துவிட்டு, உட்கார்ந்து விசாரிக்காமல் திரும்பிவிடட்டும். பையனிடம் 'உங்க அம்மா எங்கே' என்று யாரும் கேட்க வேண்டாம்.

பள்ளி மாறும்போது மாற்றுச் சான்றிதழ், வயதுச் சான்று என்று இழுத்தடிப்பு நடக்கலாம். கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 5-உம் 14-உம் தெளிவானவை: எட்டாம் வகுப்பு வரை மாற்றுச் சான்றிதழ் தாமதமானாலோ வயதுச் சான்று இல்லாவிட்டாலோ சேர்க்க மறுக்கக் கூடாது. தலைமையாசிரியரைப் பார்க்கப் போகும்போது சங்கத்திலிருந்து ஒருவர் கூடப் போனாலே பாதி வேலை முடிந்துவிடும்.

'நாலாயிரத்துக்காகத்தான் வளர்க்கிறார்கள்' என்ற பேச்சும் வரும். மிஷன் வாத்சல்யா என்ற அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் வளர்ப்புக் குடும்பத்துக்கு மாதம் 4,000 ரூபாய். நாளுக்கு 133 ரூபாய். அதில் சாப்பாடு, துணி, மருந்து, வேன் கட்டணம். பணம் வரத் தாமதமானால் சங்கம் கைமாற்றாகக் கொடுத்து உதவலாம். வசூல் செய்து தர்மமாகக் கொடுத்தால் அவர்கள் அடுத்த முறை கேட்கக் கூசுவார்கள்.

உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு வரியில் வந்துபோகும் ஆள் அந்த அம்மா. வளர்ப்புப் பராமரிப்பு என்பது, வீட்டு நிலை சீரானால் பிள்ளை பெற்றவரிடம் திரும்பலாம் என்ற ஏற்பாடு. அவர் பார்க்க வரும் நாளில் தெருவே வாசலில் நின்று வேடிக்கை பார்க்கக் கூடாது. அவர் போன பிறகு ஓரிரு நாள் பையன் சாப்பிடாமல் சண்டை போடுவான். அதைக் காரணம் காட்டிச் சந்திப்பை நிறுத்தச் சொல்லாதீர்கள். பிரிவின் வலி அப்படித்தான் வெளிவரும்.

அதே அம்மாவின் நிலைக்கு நழுவிக்கொண்டிருக்கும் குடும்பம் உங்கள் வட்டாரத்திலேயே இருக்கக்கூடும். கணவனை இழந்தவர், கைவிடப்பட்டவர், தீராத நோயில் கிடக்கும் பெற்றோர், பேரப்பிள்ளைகளை வளர்க்கும் பாட்டி ஆகியோரிடம் வளரும் பிள்ளைகளுக்கு அதே மிஷன் வாத்சல்யாவில் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் கிராமப்புறத்தில் 72,000, மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். விண்ணப்பம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில். ஆதார், வருமானச் சான்று, பள்ளியில் படிக்கும் சான்று, வங்கிப் புத்தகம், இறப்பு என்றால் இறப்புச் சான்று எல்லாம் தயாராக இருக்கட்டும். சிக்கல் பெரும்பாலும் சின்ன இடத்தில்தான்: ஆதாரில் ஓர் எழுத்துப் பெயர் மாறியிருக்கும், வங்கிக் கணக்கு செயல்படாமல் கிடக்கும். அதைச் சரிசெய்ய இரண்டு நாள் கூலியை விட முடியாமல் அப்படியே போட்டுவிடுவார்கள். கூட ஒருவர் இ-சேவை மையத்துக்கும் வங்கிக்கும் நடந்தால், ஒரு பிள்ளை இல்லத்துக்குப் போகாமலே இருக்கலாம். சால்வைக்கு ஒதுக்கிய பணத்தை அந்த நாள் கூலிக்குக் கொடுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் சங்கக் கூட்டம் போட்டு விவாதிக்காதீர்கள். எந்த வீட்டிலானாலும் பிள்ளைக்கு அடி, உதை, பாலியல் தொல்லை என்று சந்தேகம் எழுந்தால் உடனே குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள்.

வளர்ப்புப் பராமரிப்புக்கான 2024 வழிகாட்டு நெறிமுறைகளின்படி இரண்டு ஆண்டு வளர்த்த குடும்பம் தத்தெடுக்க விண்ணப்பிக்கலாம். ஆனால் பிள்ளை சட்டப்படி தத்துக்கு உரியவன் என்று அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். அம்மா இருக்கும்போது அது நிச்சயமில்லை. அவன் திரும்பிப் போகும் நாளும் வரலாம். அப்போது மருந்துச் சீட்டு, மதிப்பெண் அட்டை, அவனுக்குப் பிடித்த சாப்பாட்டுப் பட்டியல் எல்லாம் கூடப் போக வேண்டும். சனிக்கிழமை வீட்டுக்காரர்கள் அதே நான்கு மணிக்குத் தம்பதியைப் போய்ப் பார்க்கட்டும். அந்த வாரம் 'பெத்த பிள்ளையா என்ன, விடுங்க' என்று ஆறுதல் சொல்லக் கிளம்புகிறவர்களை மட்டும் வழியிலேயே நிறுத்திவிடுங்கள்.