ஐ-பீம் முறுக்கம்: மாடலில் கோணம் ஏன் பெரிதாக வருகிறது?

ஓசூர் ஷெட்டில் இரு முனையும் தூணோடு இறுக்கிய ஐ-பீம் (I வடிவ எஃகு விட்டம்), எடை ஓரமாக விழுகிறது, மென்பொருள் முறுக்கக் கோணத்தை மிகையாகக் காட்டுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். அது பாதிக் கணக்குதான் போட்டிருக்கிறது.

நம் பக்கத்து மாந்தோப்பில் கிடக்கும் பிவிசி குழாய்த் துண்டை நீளவாக்கில் கீறி முறுக்குங்கள். கீறிய விளிம்புகள் முன்னும் பின்னும் நகரும். அதுதான் வார்ப்பிங். முனைகளைப் பலகையில் ஒட்டிவிட்டால் முறுக்கக் கை வலிக்கும். ஐ-பீமில் முனையைத் தடுத்தால் இரு ஃபிளாஞ்சுகளும் (மேல், கீழ் பட்டைகள்) எதிரெதிராக வளைந்து முறுக்கத்தை எதிர்க்கும்.

வழக்கமான மாடலில் கணுவுக்கு (பீம் துண்டுகள் சேரும் புள்ளிக்கு) 6 இயக்கங்கள்தான் (3 நகர்வு, 3 சுழற்சி), வார்ப்பிங் 7-ஆவது. அதை விட்டால் கோணம் கூடும், சரி, ஆனால் ஃபிளாஞ்சில் வரும் கூடுதல் நேர்த்தகைவு (நீளவாக்கில் இழுக்கும், அமுக்கும் தகைவு) கண்ணிலேயே படாது. எனக்குப் பயம் அதில்தான். அப்புறம், மெல்லிய முனைத்தகடு முழுத் தடை ஆகாது. நாலு பக்கமும் மூடிய பெட்டிக் குழல் போட்டால் இந்தத் தலைவலி பெரும்பாலும் இல்லை.