உறையை முதலில் தேர்ந்தெடுங்கள், ஸ்கர்ட்டைப் பிறகு

கேள்வி: டெக்சாஸ் மாநிலத்தின் ஃப்ரிஸ்கோ நகரில் வீடு விற்பனை முகவராக வேலை செய்கிறேன். ஆளில்லாத வீடுகளை முன்பின் அறியாதவர்களுக்குத் தனியாகப் போய்க் காட்ட வேண்டியிருப்பதால், சென்ற ஆண்டு குடியுரிமை கிடைத்ததும் கைத்துப்பாக்கி ஒன்று வாங்கி, வகுப்புக்குச் சென்று, மாநில உரிமமும் பெற்றுவிட்டேன். வகுப்பில் சொல்லித் தந்தவை எல்லாம் கால்சட்டையும் தடித்த பெல்ட்டும் அணிபவர்களுக்கே பொருந்துகின்றன. நான் வேலைக்கு ஸ்கர்ட்தான் உடுத்துகிறேன், அதை விட மனமில்லை. துப்பாக்கிக்கென்று தனி அறை வைத்த கைப்பை ஒன்றைக் கணவர் பரிசாக வாங்கித் தந்திருக்கிறார். தொடையில் கட்டும் உறை நல்லது என்கிறாள் ஒரு தோழி. எது சரி? வீட்டில் ஐந்து வயது மகள் இருக்கிறாள்.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரிக்கு வணக்கம். ஸ்கர்ட்டை நீங்கள் விட வேண்டியதில்லை; ஆனால் துப்பாக்கியின் எடையை ஸ்கர்ட்டின் மேல் ஏற்றவும் கூடாது. இடுப்பில் மறைத்து வைப்பதற்கென்று இன்று விற்கப்படும் சிறிய 9 மி.மீ. கைத்துப்பாக்கிகள் தோட்டா நிரப்பிய நிலையில் அரை கிலோவுக்கு மேல் இருக்கும். கால்சட்டையில் அந்த எடையை விறைப்பான பெல்ட் தாங்கிக்கொள்கிறது. ஸ்கர்ட்டின் இடுப்புப் பட்டியோ எலாஸ்டிக்காகவோ, ஜிப் வைத்துத் தைத்த மெல்லிய துணியாகவோ இருக்கிறது. அதில் உறையை மாட்டினால் ஒரு பக்கம் இறங்கும், துப்பாக்கியின் பிடி வெளிப்புறமாகச் சாயும், அவசரத்தில் இழுக்கும்போது உறையும் கூடவே வந்துவிடும். எங்கள் ஆச்சி சந்தைக்குப் போகும்போது சுருக்குப்பையைச் சேலையை நம்பி விட்டதில்லை. உள்பாவாடை நாடாவோடு இறுக்கிச் செருகி, அதன் மேல்தான் கொசுவத்தை விட்டார். உங்கள் கேள்விக்கும் அதே முறையைத்தான் சொல்லப் போகிறேன். துப்பாக்கி உடலோடு கட்டிய தனிப் பட்டையில் இருக்க வேண்டும். ஸ்கர்ட் அதை மூடினால் போதும்.

முதலில் கைப்பையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு மிகவும் கவலையளிப்பது அதுதான். 2014 டிசம்பர் 30 அன்று ஐடஹோ மாநிலத்தின் ஹெய்டன் ஊரில், பெரிய கடை ஒன்றுக்குள், இரண்டு வயதுக் குழந்தை தாயின் கைப்பைக்குள் கைவிட்டு எடுத்த துப்பாக்கி வெடித்து அந்தத் தாய் அங்கேயே இறந்தார். அவருக்கு வயது 29. அந்தப் பையும் துப்பாக்கிக்கென்று ஜிப் வைத்த தனி அறையோடு தைக்கப்பட்டதுதான், அந்தக் கிறிஸ்துமஸுக்குக் கணவர் அன்போடு தந்த பரிசுதான். அவர் துப்பாக்கி பழக்கம் இல்லாதவரும் அல்ல. பை என்பது தோளிலிருந்து இறக்கி வைக்கும் பொருள். தள்ளுவண்டியில், நாற்காலியில், காரின் பின்னிருக்கையில், உங்கள் தொழிலில் காலி வீட்டின் சமையலறை மேடையில் என்று அது நாள் முழுவதும் உங்களை விட்டுப் பிரிந்துகொண்டே இருக்கும். தாக்க வருபவன் முதலில் பறிப்பதும் பையைத்தான். வெளியூர்ப் பயணத்துக்கு அதே பையை எடுத்துக்கொண்டு, உள்ளே இருப்பதை மறந்து விமான நிலையச் சோதனைக்குள் போய் நிற்பவர்களும் உண்டு. 2024 ஆம் ஆண்டில் மட்டும் அமெரிக்க விமான நிலையச் சோதனை வாயில்களில் 6,678 துப்பாக்கிகள் பிடிபட்டன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை தோட்டா நிரப்பியவை. அவற்றில் எத்தனை பையோடு மறந்துபோனவை என்பது உரியவர்களுக்கே வெளிச்சம். கணவரின் பரிசை மனம் நோகாமல் ஏற்று, அந்த அறையில் வீட்டுப் பத்திரங்களை வைத்துக்கொள்ளுங்கள்.

தொடை உறை பார்ப்பதற்குச் சரியான தீர்வாகத் தோன்றும். அன்றாடத்தில் அது கடினமானது. இடுப்பிலிருந்து தொங்கும் வார் இல்லாமல் தொடையில் மட்டும் இறுக்கிக் கட்டினால் நடக்க நடக்க முழங்காலை நோக்கி நழுவும். வார் வைத்தாலும், டெக்சாஸ் கோடையின் வியர்வையில் உள்தொடை உராய்ந்து புண்ணாகிவிடும். குழல்வாய் தொடையின் பெரிய இரத்தக் குழாய்க்குப் பக்கத்திலேயே நாள் முழுவதும் இருக்கும், கால்மேல் கால் போட்டால் அது எங்கே பார்க்கிறது என்பது உங்களுக்கே தெரியாது. எடுக்க வேண்டுமானால் ஒரு கையால் ஸ்கர்ட்டைத் தொடை வரை தூக்கி மறு கையால் இழுக்க வேண்டும். உங்கள் ஒரு கையில் வீட்டுச் சாவியோ கோப்போ எப்போதும் இருக்கும். அகலமான, குடை போல விரியும் ஸ்கர்ட்டில், இரண்டு மணி நேர விருந்துக்கு என்றால் பொறுத்துக்கொள்ளலாம். பத்து மணி நேர வேலைநாளுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மார்பு உள்ளாடையின் நடுவில் மாட்டும் உறைகளும் விற்கின்றன. 2015 புத்தாண்டை ஒட்டி மிச்சிகன் மாநிலத்தின் செயின்ட் ஜோசப் நகரில் ஒரு பெண் அப்படிப்பட்ட உறையைச் சரிசெய்யும்போது துப்பாக்கி வெடித்து இறந்தார். குனிந்து பார்த்துச் சரிசெய்ய வேண்டிய இடத்தில், முகத்துக்கு நேர் கீழே, துப்பாக்கியை வைக்க எனக்கு மனம் வரவில்லை. கணுக்கால் உறையை நீளமான ஸ்கர்ட் நன்றாக மறைக்கும், காரில் அமர்ந்திருக்கும்போது எடுக்கவும் எளிது. நின்றுகொண்டிருக்கும்போது மண்டியிட்டால்தான் கைக்கு எட்டும் என்பதால் அதையும் தள்ளிவிடலாம்.

உங்களுக்கு ஏற்றவை இரண்டு. ஒன்று, ‘பெல்லி பேண்ட்’ எனப்படும் அகலமான எலாஸ்டிக் பட்டை. வயிற்றைச் சுற்றி உடம்போடு ஒட்டிக் கட்டுவது இது. விலை குறைவு, எந்த உடைக்கும் பொருந்தும். ஆனால் துணியாலேயே தைத்த பை போன்ற உறை உள்ள பட்டையை வாங்காதீர்கள். கைடெக்ஸ் என்னும் கடினமான பிளாஸ்டிக்கில் உங்கள் துப்பாக்கியின் அச்சுக்கே வார்த்த கூடு அதில் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். அந்தக் கூடு விசையையும் அதைச் சுற்றியுள்ள வளையத்தையும் முழுவதும் மூட வேண்டும். கால்சட்டைக்காரர்களுக்கு இல்லாத ஓர் ஆபத்து நமக்கு உண்டு. ஸ்கர்ட்டின் கொசுவம், நாடா நுனி, உள்பாவாடையின் சரிகை, நீளமான பிளவுஸின் ஓரம், இவற்றில் ஏதேனும் ஒன்று அந்த வளையத்துக்குள் புகுந்தால் விரல் செய்யும் வேலையைத் துணியே செய்துவிடும். இந்த ஒரு விஷயத்தில் விலை பார்க்க வேண்டாம்.

இரண்டாவது, பெல்ட் தேவைப்படாத கட்டமைப்பு. ஃபில்ஸ்டர் நிறுவனத்தின் ‘எனிக்மா’ இந்த வகையில் பலரும் அறிந்தது. கடினமான தகடு ஒன்றில் கைடெக்ஸ் கூட்டைத் திருகிப் பொருத்தி, தகட்டை மெல்லிய வாரால் இடுப்பில், தோலை ஒட்டிக் கட்டுகிறார்கள். கீழிருந்து ஒரு சிறு வார் தொடையைச் சுற்றி வருவதால், துப்பாக்கியை இழுக்கும்போது கூடு மேலே ஏறி வருவதில்லை. விலை கூடுதல், அளவு சரிசெய்ய ஒரு மாலைப் பொழுது முழுவதும் ஆகும். ஆனால் ஒருமுறை அமைத்துவிட்டால் ஒரே அமைப்பை வைத்துக்கொண்டு ஸ்கர்ட்டை மட்டும் நாள்தோறும் மாற்றலாம். உங்கள் வேலைக்கு நான் இதையே முதலாவதாகச் சொல்வேன். கழிவறையில் இதன் நன்மை இன்னும் தெளிவாகத் தெரியும்: கால்சட்டை பெல்ட்டோடு துப்பாக்கியும் தரைக்கு இறங்கும், இங்கே ஸ்கர்ட்டை உயர்த்தினால் போதும், துப்பாக்கி இருந்த இடத்திலேயே இருக்கும். எந்தக் காரணத்துக்காகவும் அதைக் கழற்றிக் கொக்கியிலோ தண்ணீர்த் தொட்டியின் மேலோ வைத்துவிடாதீர்கள். மறந்துவிட்டுப் போனவர்கள் பலர்.

இப்போது ஸ்கர்ட். இடுப்புப் பட்டி எலாஸ்டிக்காக இருப்பதே நல்லது, ஏனென்றால் துப்பாக்கியின் பிடி பட்டிக்குச் சற்று மேலே நிற்க, கூடு உள்ளே மறைந்திருக்கும். இழுக்கும்போது பட்டி இளகிக் கொடுக்க வேண்டும். ஜிப் வைத்து விறைப்பாகத் தைத்த பட்டிக்குள் கை நுழையாது. உடலை ஒட்டிய பென்சில் ஸ்கர்ட்டைத் துப்பாக்கி இல்லாத நாட்களுக்கு ஒதுக்குங்கள். இடுப்பிலிருந்து மெல்ல விரியும் ஏ-லைன் வகையும், கொசுவம் வைத்தவையும், உள் துணி கொடுத்துத் தைத்தவையும் வடிவத்தை நன்றாக மறைக்கும். ஒற்றை நிற மெல்லிய துணியைவிட அடர்ந்த பூவோ கட்டமோ போட்ட துணி கண்ணை ஏமாற்றும். ஓர் அளவு பெரியதாக எடுத்து வேண்டிய இடத்தில் பிடித்துத் தைத்துக்கொள்ளுங்கள். மேலே பிளவுஸை உள்ளே செருகாமல் இடுப்புக்குக் கீழே நான்கு விரல் அளவு தழைய விடுங்கள். இடது கையால் அதை மேலே தூக்கி, வலது கையால் எடுக்கும் பழக்கம் வர வேண்டும். மேலும் கீழும் ஒன்றாகத் தைத்த உடையில் இது நடக்காது. முழு உடையையும் கீழிருந்து தூக்க வேண்டியிருக்கும். வீட்டு வாசலில் தொங்கும் சாவிப் பெட்டியைத் திறக்க இடுப்பை வளைத்துக் குனிந்தால் பின்னாலோ பக்கத்திலோ பிடி துருத்திக்கொண்டு தெரியும். முழங்காலை மடக்கி இறங்குங்கள்.

வெடி விபத்து பெரும்பாலும் எடுக்கும்போது நேர்வதைவிடத் திரும்ப உறைக்குள் வைக்கும்போது நேர்கிறது என்று பயிற்றுநர்கள் எச்சரிப்பார்கள். ஸ்கர்ட்டுக்குள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அது இன்னும் ஆபத்து. அதனால் காலையில் கூட்டை மேசையில் வைத்து, பாதுகாப்பான திசையில், துப்பாக்கியை அதற்குள் பொருத்திவிட்டு, எல்லாவற்றையும் ஒரே பொருளாக எடுத்துக் கட்டிக்கொள்ளுங்கள். மாலையில் கூட்டோடு கழற்றிப் பூட்டுப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். இடையில் துப்பாக்கியைத் தொட வேண்டிய காரணமே இருக்கக்கூடாது. மகள் மடியில் ஏறி விளையாடும் நேரத்துக்கு முன்பே அது பெட்டிக்குள் போயிருக்க வேண்டும். தோட்டா நிரப்பிய துப்பாக்கி 17 வயதுக்குட்பட்ட குழந்தையின் கைக்குக் கிடைக்கும்படி கவனக்குறைவாக விட்டுவிடுவது டெக்சாஸில் குற்றம்; அதனால் எவருக்கேனும் உயிர்ச்சேதமோ கொடுங்காயமோ நேர்ந்தால் தண்டனை கூடும்.

பள்ளிக்கூடத்தைப் பற்றியும் யோசித்துக்கொள்ளுங்கள். 2021 செப்டம்பர் 1 முதல் டெக்சாஸில் தகுதியுள்ளவர்கள் உரிமம் இல்லாமலேயே கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்றாலும், நீங்கள் உரிமம் பெற்றது வீண் போகாது: பள்ளியிலிருந்து 1,000 அடிக்குள் துப்பாக்கி வைத்திருப்பதைத் தடைசெய்யும் நடுவண் சட்டம், அந்த மாநிலத்தின் உரிமம் பெற்றவர்களுக்கு விலக்கு அளிக்கிறது. ஆனால் உரிமம் இருந்தாலும் பள்ளிக் கட்டடத்துக்குள் கொண்டுபோகக்கூடாது. ஆசிரியரைச் சந்திக்கும் நாளில் கார் இருக்கையில் நெளிந்தபடி ஸ்கர்ட்டுக்குள்ளிருந்து கழற்ற முயல்வதைவிட, அன்று வீட்டிலேயே பூட்டி வைத்துவிட்டுப் போவது மேல். காரில் விட்ட துப்பாக்கிதான் திருடர்களுக்கு எளிதில் கிடைப்பது. உரிமம் உள்ளவர்களும் துப்பாக்கியை மறைத்துக் கொண்டுவரக்கூடாது என்று தடுக்கும், 30.06 என்ற எண்ணிட்ட அறிவிப்புப் பலகை உள்ள கட்டடங்களுக்கும், வருமானத்தில் பாதிக்கு மேல் மது விற்பனையால் வருவதைக் குறித்துச் சிவப்பில் 51% என்று எழுதிய மதுக்கூடங்களுக்கும் இதே நிலைதான். நீங்கள் காட்டும் வீட்டின் உரிமையாளரும், உங்கள் நிறுவனமும் தடை விதிக்கலாம்; முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

இதைப் படிக்கும் மற்ற சகோதரிகளுக்கு ஒரு சொல். ஹெச்-1பி, ஹெச்-4, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் அமெரிக்காவில் இருப்பவர்கள், செல்லத்தக்க வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் இல்லாவிட்டால், துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே நடுவண் குற்றம். மாநிலம் உரிமம் கேட்கவில்லை என்பதால் அனுமதி கிடைத்துவிட்டதாக எண்ணி, குடியேற்ற வாழ்க்கையையே இழந்துவிடாதீர்கள். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

உங்கள் அச்சம் வீணானது என்று நான் சொல்ல மாட்டேன். 2014 இல் ஆர்கன்சா மாநிலத்தில் வீடு காட்டப் போன பெண் முகவர் ஒருவர் கடத்திக் கொல்லப்பட்டார். ஆனாலும் இடுப்பில் இருப்பதை நம்பி மற்றவற்றைத் தளர்த்திவிடாதீர்கள். புதிய வாடிக்கையாளரை முதலில் அலுவலகத்தில் சந்தியுங்கள். அடையாள அட்டையின் படத்தை உடன் வேலை செய்பவருக்கு அனுப்பிவிடுங்கள். வீட்டுக்குள் ஒவ்வோர் அறைக்கும் அவரை முன்னே போகவிட்டு, வாசற்பக்கம் நீங்கள் நில்லுங்கள்.

உறை வந்து சேர்ந்ததும், இரண்டு வாரத்துக்கு வெறும் கூட்டை மட்டும் கட்டிக்கொண்டு வேலைக்குப் போங்கள். காரில் ஏறி இறங்குங்கள், தாழ்வான சோபாவில் அமருங்கள், மாடிப்படி ஏறுங்கள். எங்கே குத்துகிறது, எங்கே நழுவுகிறது என்பதைக் குறித்துக்கொண்டு வாரைச் சரிசெய்யுங்கள். அதன்பின் வீட்டில், மகள் இல்லாத நேரத்தில், தோட்டாக்களை வேறு அறையில் பூட்டி, துப்பாக்கி காலி என்பதை இரண்டு முறை பார்த்துவிட்டு, வேலைக்குப் போகும் அதே உடையில் மெதுவாக எடுத்துப் பழகுங்கள். விசையில் விரல் போகக்கூடாது, குழல்வாய் உங்கள் இடது கையைக் கடக்கக்கூடாது. அது பழகிய பிறகு பயிற்றுநரிடம் ஸ்கர்ட்டிலேயே போங்கள். பல சுடுதளங்களில் உறையிலிருந்து எடுத்துச் சுட அனுமதி இல்லை. அந்த வசதி உள்ள இடம் எது என்று முதலில் தொலைபேசியில் கேட்டுவிட்டு நேரம் குறித்துக்கொள்ளுங்கள்.