எலக்ட்ரீஷியன் இல்லாத நாட்களில், பனியன் கம்பெனி ஆட்களுக்குக் கரண்ட் பற்றி என்ன சொல்லிக் கொடுக்க வேண்டும்?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறீர்கள், எலக்ட்ரீஷியன் வாரத்துக்கு ஒரு நாள்தான் வருவார், மற்ற நாட்களில் தையல், கட்டிங், அயர்ன் ஆட்கள் எதைச் செய்யலாம், எதைத் தொடக்கூடாது என்று கேட்டிருக்கிறீர்கள். பல்லடம், சோமனூர் தறிக்குடோனுக்கும், கோவை லேத் பட்டறைக்கும், ஈரோட்டுச் சாயப்பட்டறைக்கும் இந்தப் பதிலில் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் ஒன்றே ஒன்றைச் சொல்லிக் கொடுங்கள். "ஏனுங்ணா, மெசினைத் தொட்டா லேசா இழுக்குதுங்ணா" என்று யாராவது சொன்னால், அந்த மெஷின் அந்த நிமிஷமே நிற்க வேண்டும். பீஸ் கணக்கு முடியட்டும், ஷிப்ட் முடியட்டும் என்று தள்ளிப்போடக்கூடாது. பெரும்பாலான இடங்களில் இதற்குக் கிடைக்கும் பதில் "சர்வோ மோட்டார்னா அப்படித்தான், செருப்புப் போட்டுக்கோ" என்பதுதான். பட்டறைகளில் நடமாடும் பேச்சிலேயே மிக ஆபத்தானது இது.

சர்வோ மோட்டார் (கண்ட்ரோல் பாக்ஸ் வைத்து ஓடும் மோட்டார்) போட்ட தையல் பவர் மெஷினில் ஏன் இழுக்கிறது? அதன் கண்ட்ரோல் பாக்ஸுக்குள் கரண்டைச் சுத்தப்படுத்தும் ஃபில்டர் ஒன்று இருக்கும். அதிலுள்ள சின்ன கப்பாசிட்டர்கள் கரண்ட் வரும் பேஸ் ஒயரிலிருந்தும் அது திரும்பும் நியூட்ரல் ஒயரிலிருந்தும் மெஷின் பாடியோடு சேர்ந்திருக்கும். எர்த் ஒயர் ஒழுங்காக இருந்தால் அந்தத் துளிக் கசிவு எர்த்தில் இறங்கிவிடும், யாருக்கும் தெரியாது. எர்த் அறுந்திருந்தால் மெஷின் பாடி 230 வோல்ட்டில் ஏறத்தாழ பாதியில், 115 வோல்ட் பக்கம் நிற்கும். கசிவு மிகக் குறைவு என்பதால் ஜிவ்வென்று மட்டும் தெரியும், ஆளை அடிக்காது. ஆனால் அந்த ஜிவ் சொல்லும் சேதி வேறு: இந்த மெஷினுக்கு எர்த் இல்லை. நாளைக்கு மோட்டார் வைண்டிங்கோ, பெடல் பக்கம் உரசும் ஒயரோ இன்சுலேஷன் போய் பாடியைத் தொட்டால், முழு 230 வோல்ட்டும் இரும்பில் காத்திருக்கும். அது போய் இறங்க வேறு வழி இல்லை, தொடுகிற ஆள்தான் வழி.

"டிரிப்பர் இருக்கே, விழுந்துடுமே" என்பார்கள். எம்சிபி என்கிற அந்த டிரிப்பர் ஒயரைக் காப்பாற்ற வைத்தது, ஆளைக் காப்பாற்ற அல்ல. கணக்கைப் பாருங்கள். வியர்த்த கை, ஈரத் தரை என்றால் மனித உடம்பின் தடை 1000 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். 230 வோல்ட்டை 1000-ஆல் வகுத்தால் 230 மில்லி ஆம்பியர். 1 மில்லி ஆம்பியரிலேயே உணர்வு தெரியும், 10-ஐத் தாண்டும்போது கை தானாகப் பிடித்துக்கொள்ளும், விடுவிக்க முடியாது. 50 முதல் 100 வரை போனாலே இதயத்தின் துடிப்பு தாறுமாறாகலாம். உங்கள் எம்சிபி 16 ஆம்பியர், அதாவது 16,000 மில்லி ஆம்பியர். 230 மில்லி ஆம்பியர் போவது அதற்குத் தெரியவே தெரியாது.

ஆளைக் காப்பாற்றுவது இரண்டு: ஒழுங்காக வேலை செய்யும் எர்த், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. போகும் கரண்டும் திரும்பும் கரண்டும் சமமா என்று ஆர்சிசிபி பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி வித்தியாசம் வந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் விழுந்துவிடும். உங்கள் போர்டில் இருப்பது 30-ஆ என்று அதன் முகத்தில் எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள். 100, 300 என்றிருந்தால் அதை ஆளுக்கான காவலாகக் கணக்கில் வைக்காதீர்கள். அதில் 'டி' என்று ஒரு பட்டன் இருக்கும். மாதம் ஒரு முறை, சனிக்கிழமை சம்பளம் போட்டு மெஷின் எல்லாம் ஆஃப் ஆன பிறகு அழுத்துங்கள். டப்பென்று விழ வேண்டும். விழவில்லை என்றால் அது வெறும் பிளாஸ்டிக் பெட்டி, திங்கட்கிழமை ஷிப்டுக்கு முன் மாற்றச் சொல்லுங்கள். இந்த அழுத்தலை எலக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும் என்றில்லை, நீங்களே செய்யலாம். ஆனால் இரண்டு விஷயம்: பட்டன் வேலை செய்தால் எர்த்தும் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. ஒரு கை பேஸிலும் மறு கை நியூட்ரலிலும் பட்டால் ஆர்சிசிபிக்கு வித்தியாசம் தெரியாது, அது விழாது.

எர்த் பற்றி ஊர் சார்ந்த ஒன்று. காங்கேயம், பல்லடம் பக்கமெல்லாம் ஓடைக்கல்லும் சரளையுமான வறண்ட மண். பங்குனி, சித்திரையில் எர்த் குழி காய்ந்து கல்லாகிவிடும், அதன் தடை ஏறிவிடும். பழைய மாதிரி கரியும் உப்பும் போட்ட குழி என்றால் குழாய் வாயில் வாரம் ஓரிரு குடம் தண்ணீர் ஊற்றும் வேலையை வாட்ச்மேனிடம் கொடுங்கள். குழி மேல் துணி மூட்டையோ வண்டியோ நிற்கக்கூடாது.

இழுக்கிற மெஷினை ஆட்கள் என்ன செய்ய வேண்டும்? சுவிட்சை அணைத்து, பிளக்கின் உடலைப் பிடித்து உருவி (ஒயரைப் பிடித்து இழுக்காமல்), "ஓட்டக்கூடாது" என்று அட்டை கட்டி, உங்களிடம் சொல்ல வேண்டும். அதோடு அவர்கள் வேலை முடிந்தது. எலக்ட்ரீஷியன் வந்து பிளக்கின் எர்த் பின்னிலிருந்து மெஷின் பாடி வரை தொடர்பு இருக்கிறதா என்று பார்ப்பார், கண்ட்ரோல் பாக்ஸைக் கழற்றிவிட்டு மோட்டாரை 500 வோல்ட் மெகரில் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) சோதிப்பார். 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் அந்த மோட்டார் வைண்டிங் கடைக்குப் போக வேண்டியது.

எல்லை எங்கே என்று கேட்டால், ஸ்குரூ டிரைவர் தேவைப்படும் எதுவும் உங்கள் ஆட்களின் வேலை இல்லை. பார்க்கலாம், அணைக்கலாம், உருவலாம், சொல்லலாம். மூடி திறக்கக்கூடாது. நிறத்தை நம்பி இறங்குகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்: மெஷின் கார்டில் (பிளக்கிலிருந்து மெஷினுக்குப் போகும் ஒயரில்) நீல ஒயர் நியூட்ரல். அதே கட்டடத்தின் த்ரீ பேஸ் லைனில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றுமே பேஸ், கறுப்புதான் நியூட்ரல். இரண்டு பேஸுக்கு நடுவே 415 வோல்ட். டெஸ்டர் எரியவில்லை என்பதும் கரண்ட் இல்லை என்பதற்குச் சாட்சி ஆகாது. டெஸ்டரே கெட்டிருக்கலாம், பிடித்திருக்கும் விதத்தில் பல்ப் மங்கலாக எரிந்து வெளிச்சத்தில் தெரியாமல் போகலாம்.

பார்ப்பது என்றேனே, எங்கே பார்ப்பது என்பது முக்கியம். அயர்ன் டேபிளில், மேலே தண்ணீர் பாட்டில் தொங்கும் ஸ்டீம் அயர்னில், ஒயர் பெட்டிக்குள் நுழையும் கழுத்திலிருந்து ஒரு சாண் தூரத்தைப் பாருங்கள். நாள் முழுக்க முன்னும் பின்னும் ஆடி அங்கேதான் உள்ளே செம்பு இழை ஒவ்வொன்றாக அறும். மிச்சமிருக்கும் இழைகள் சூடேறி மேலுறை கறுத்து, விறைத்து, வெடிக்கும். சில நாள் எர்த் இழைதான் முதலில் அறும். அயர்ன் நன்றாகச் சுடும், வேலை நடக்கும், ஆனால் காவல் போயிருக்கும். பக்கத்தில் தண்ணீர்க் குழாய் வேறு. வெடித்த ஒயரில் இன்சுலேஷன் டேப் சுற்றி ஓட்டக்கூடாது, அந்தக் கார்டு முழுதும் புதிதாக மாற வேண்டும். நீராவியிலும் சூட்டிலும் டேப்பின் பசை இளகி மூன்றாம் நாள் நழுவிவிடும். அயர்ன் மாஸ்டர் நிற்கும் இடத்தில் தரை ஈரமாகாமல், காய்ந்த மரப்பலகை அல்லது ரப்பர் மேட் இருக்கட்டும்.

கட்டிங் டேபிளில் ஆபத்து வேறு. நேர்க்கத்தி மெஷின் தன் கார்டைத் தானே வெட்டிக்கொள்ளும். லே போட்ட (அடுக்கடுக்காக விரித்த) துணிக்கு மேல் கார்டு படுத்திருக்கும்போது ஒரு திருப்பலில் கத்தி அதில் ஏறும். கார்டு எப்போதும் மேலே, கம்பியில் ஓடும் கொக்கியில் தொங்கியபடி வர வேண்டும்.

பிளக் பாயிண்டில் தீக்குச்சி சொருகி ஒயரை நிறுத்துவது, மூன்று பின் பிளக்கின் நீளமான எர்த் பின்னை ஒடித்து இரண்டு பின் ஓட்டையில் போடுவது, இரண்டும் கண்டால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். அந்தப் பின் நீளமாக இருப்பதே, கரண்ட் வருவதற்கு முன் எர்த் சேர வேண்டும் என்பதற்குத்தான்.

ஜங்ஷன் பாக்ஸ் கணக்கும் எளிது. 6 ஆம்பியர் பாயிண்ட் தாங்குவது 6 × 230 = 1380 வாட். 1000 வாட் அயர்ன் இரண்டை அதில் போட்டால் ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்கும். உடனே தீப்பிடிக்காது. சாக்கெட்டின் உள் தகடு சூட்டில் தளரும், தளர்ந்தால் இன்னும் சூடேறும், பழுப்பு நிறமும் மீன் நாற்றம் மாதிரி ஒரு வாடையும் வரும். அந்த வாடை வந்தால் மெயினை அணையுங்கள். அயர்ன் எல்லாம் 16 ஆம்பியர் பாயிண்டில், ஒரு பாயிண்டுக்கு ஒன்று. ஒரு ஜங்ஷன் பாக்ஸிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதும், மீதி ஒயரைச் சுருட்டி வைத்தே ஓட்டுவதும் வேண்டாம். சுருளுக்குள் சூடு வெளியேற வழியில்லை.

டிரிப் ஆனால் என்ன செய்வது? கடைசியாகப் போட்டதை உருவிவிட்டு ஒரே ஒரு முறை தூக்கலாம். மறுபடி விழுந்தால் விட்டுவிடுங்கள். தூக்கித் தூக்கிப் போடுவது, ஃபியூஸ் கட்டையில் தடித்த செம்புக் கம்பி கட்டுவது, ஆர்சிசிபியைத் தாண்டி நேராக ஒயர் போடச் சொல்வது, இவையெல்லாம் தீக்கும் சாவுக்கும் வழிவிடுவது. மெயின் சுவிட்சைப் போடும்போது முகத்துக்கு நேராக நிற்காமல் ஓரமாக நின்று போட வேண்டும். உள்ளே பழுது இருந்தால் தீப்பிழம்பு முன்பக்கம்தான் பாயும்.

பேனல் போர்டுக்கு முன்னால் 1 மீட்டர் காலியாக இருக்க வேண்டும் என்பது விதி. ஆர்டர் நேரத்தில் அங்கேதான் துணி ரோலும் பண்டலும் அடுக்கப்படுகிறது. பனியன் பஞ்சுத் தூசி பேனலுக்குள் மெத்தை மாதிரிப் படியும், லூஸ் காண்டாக்டில் ஒரு பொறி போதும். அதைக் கம்ப்ரஸர் காற்றால் ஊதச் சொல்லாதீர்கள். தூசியையும் காற்றிலுள்ள ஈரத்தையும் காண்டாக்டுக்குள் அது தள்ளிவிடும். அணைத்துப் பூட்டிய பின் எலக்ட்ரீஷியன் வேக்குவமில் எடுக்க வேண்டும். தீ என்றால் முதலில் மெயின், பிறகு கார்பன் டை ஆக்சைடு அல்லது உலர் பவுடர் சிலிண்டர். தண்ணீர் ஊற்றக்கூடாது.

நூல் சிக்கியதை எடுப்பது, பெல்ட் மாற்றுவது எல்லாம் ஸ்டாப் பட்டனை நம்பிச் செய்யக்கூடாது. ஸ்டாப் பட்டன் ஓட்டத்தை நிறுத்தும், கரண்டைத் துண்டிக்காது. ஐசொலேட்டரை (மெஷினுக்கு வரும் கரண்டையே துண்டிக்கும் சுவிட்சை) அணைத்து, பூட்டுப் போட்டு, சாவியை உள்ளே கை வைப்பவரே பையில் வைத்துக்கொண்டு, ஸ்டார்ட் பட்டனை ஒருமுறை அழுத்தி மெஷின் அசையவில்லை என்று பார்த்த பிறகே கை உள்ளே போக வேண்டும். "கரண்ட் போயிருக்கு, இப்பவே எடுத்துடறேன்" என்பதும் வேண்டாம். ஜெனரேட்டர் தானாக ஏறலாம், ஈபி கரண்ட் திரும்பலாம், இன்வெர்ட்டர் லைன் போகவே இல்லை.

சாயத் தொட்டி, பாய்லர் உள்ளே இறங்குகிறவர்கள் 230 வோல்ட் கை விளக்கு எடுத்துப் போகவே கூடாது. 1948-ன் தொழிற்சாலைகள் சட்டத்தின் 36ஏ பிரிவே அங்கே 24 வோல்ட் என்று எல்லை வைத்திருந்தது.

யாரையாவது கரண்ட் பிடித்துவிட்டால் அவரைத் தொடாதீர்கள். பிளக்கை உருவுங்கள் அல்லது மெயினை அணையுங்கள். இதற்காகவே ஒவ்வொரு வரிசைக்கும் எந்த மெயின் என்று பேனலில் பெரிதாகப் பெயின்ட் அடித்து, நிறத்தாலும் அடையாளம் வைக்க வேண்டும். ஒடிசா, பீகார் ஆட்களுக்குத் தமிழ் எழுத்து உதவாது, நிறம் உதவும். அணைக்கவே முடியாவிட்டால் காய்ந்த மரக்கட்டையாலோ பிளாஸ்டிக் நாற்காலியாலோ தள்ளிவிடுங்கள். பிறகு 108. மூச்சில்லை என்றால் நெஞ்சின் நடுவில் இரு கையும் வைத்து 5 முதல் 6 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஆம்புலன்ஸ் வரும் வரை விடாமல் அழுத்த வேண்டும். எழுந்து உட்கார்ந்து "ஒண்ணுமில்லீங்க" என்றாலும் ஆஸ்பத்திரிக்குப் போய் ஈசிஜி எடுக்க வேண்டும். வெளியே சின்னக் கொப்புளமாகத் தெரிந்தாலும் கரண்ட் உள்ளே போன பாதை வெந்திருக்கலாம், இதயத் துடிப்பு பின்னால் தடுமாறலாம்.

மேலே சொன்ன மரக்கட்டை வித்தை 230, 415 வோல்ட்டுக்கு மட்டும். மாடியை ஒட்டிப் போகும் 11, 22 கேவி (11,000, 22,000 வோல்ட்) லைனில் பேனர் கம்பியோ அலுமினிய ஏணியோ பட்டால் கட்டையும் கடத்தும். அறுந்து விழுந்த லைன் என்றால் குறைந்தது 10 மீட்டர் தள்ளி நின்று, யாரையும் நெருங்க விடாமல், மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987-க்குக் கூப்பிட்டுச் சப்ளையை நிறுத்தச் சொல்லுங்கள். ஏற்கெனவே பக்கத்தில் இருப்பவர் ஓடக்கூடாது. இரு பாதமும் ஒட்டியபடியே, தரையிலிருந்து தூக்காமல் தேய்த்துத் தேய்த்து விலக வேண்டும். கால்களை அகட்டி வைத்தால் இரு பாதங்களுக்கு நடுவே தரையிலேயே வோல்ட் வித்தியாசம் இருக்கும், அது உடம்பு வழியே ஓடும்.